பரிதாபம் என்கிற பதவி

எங்கள் சேகரத்தில் குருவானவரான ஐயாவை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போனது, அவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகுதான். அதற்கு முன்னால் சேகரக் கமிட்டி கூடுகிற அன்று குருமனைத் திண்ணையில் பேசுவது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். பொருளாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எடுக்க வேண்டும் என்பது ஐயாவின் கட்சி. ஞாயிறு பள்ளிக் கூரை ஒழுகும்போது செத்தவர்களுக்கு எதற்குச் சுவர் என்பது வாத்தியாரின் கட்சி. ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை அந்தச் சண்டை இழுத்தது. கடைசியில் கூரைதான் ஜெயித்தது. தோற்ற ஐயா அன்று ராத்திரி வாத்தியார் வீட்டுக்கே போய்க் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வந்தார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

நான் அப்போது அந்தச் சேகரத்தில் உபதேசியார். திசையன்விளைப் பக்கம், செம்மண் தேரியும் பனையும் முருங்கையுமான ஊர்கள். தலைமைக் கோயில் ஒன்று, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிளைச் சபைகள். டயசிஸ் தேர்ந்தெடுத்து மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கு அனுப்பினால் குருவானவர் ஆகலாம் என்று காத்திருந்த வயது. தலைமைத்துவம் என்றால் நல்ல குரல், கணீர் என்ற பிரசங்கம், கேட்ட கேள்விக்கு வசனத்தோடு பதில். ஐயாவிடம் மூன்றும் இருந்தன. அங்கியை எந்தக் கையால் ஒதுக்கிப் பீடத்துப் படியேறுகிறார் என்பது வரைக்கும் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை அவருக்குப் பல வருடங்களாகவே உண்டு. ஒவ்வொரு ஊர் ஸ்தோத்திரப் பண்டிகைக்கும் அசனம் உண்டு, அசனப் பந்தியில் ஐயா உட்காராவிட்டால் அந்த ஊர்க்காரருக்கு மனத்தாங்கல். உட்கார்ந்தார், சாப்பிட்டார். கால் வீங்கத் தொடங்கியது. சாயங்காலம் கழற்றிய செருப்பின் வார்த்தடம் படுக்கப் போகும்வரை காலில் பதிந்து கிடக்கும். சோற்றைக் கண்டால் குமட்டல், படியேறினால் மூச்சு வாங்கல். பாளையங்கோட்டை டாக்டர் கிரியாட்டினைன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி டயாலிசிஸ்தான் என்றார். இடது முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். அது தடித்து, ஊசி தாங்குகிற பக்குவத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

தையல் ஆறியதும் ஐயா என் உள்ளங்கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். நாடி விட்டுவிட்டுத் துடிக்கும், இது அப்படி இல்லை. தோலுக்கடியில் விடாத ஒரு அதிர்வு.

"தெரியுதா வே? இது ஓடுற வரைக்கும் நானும் ஓடலாம். இந்தக் கையில பை தூக்கக் கூடாதாம், பிரஷர் பாக்கக் கூடாதாம், தூக்கத்துல இதும்மேல சாயக் கூடாதாம். ஆசீர்வாதம் கூறத் தூக்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டேன். தாராளமா தூக்குங்கன்னுட்டார்."

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கூடிய முதல் கமிட்டியில் ஐயா ஒரு யோசனை சொன்னார். கோயிலுக்குப் புது மைக் செட், நல்ல கம்பெனிச் சாமான், விலை கொஞ்சம் கூடத்தான். பழைய நாளாக இருந்தால் வாத்தியார் மூன்று கடையில் விலை விசாரித்து வந்து மேசையில் போட்டிருப்பார். அன்று அவர் ஐயாவின் கைக்கட்டைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ஐயா சொன்னா சரிதான்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். காப்பி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு ஐயா முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். களைப்பு என்று நினைத்து விசிறியை எடுத்தேன். தட்டிவிட்டார்.

"பாத்தீரா வே? இன்னைக்குத் தீர்மானம் போட்டது கமிட்டி இல்ல. என் கிட்னி."

அன்று எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டது. மறுநாள் காலை அவர் வாத்தியார் வீட்டுக்குப் புறப்பட்டபோது கூடப் போனேன். உங்க உடம்பு இருக்கிற இருப்புக்கு நாங்களும் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான், என்று வாத்தியார் இழுத்தார். ஐயா நடுவிலேயே நிறுத்தினார். "என் உடம்பைப் பாக்க டாக்டர் இருக்காரு. நீங்க என் கணக்கைப் பாருங்க. நான் ஆரோக்கியமா இருந்தப்ப என்னைய ஒரு வருஷம் நிக்கவச்சீங்கள்லா, அந்த மரியாதையை ஏன் புடுங்குதீங்க?" மைக் செட் தீர்மானத்தை அவரே திரும்ப எடுத்து அடுத்த கூட்டத்தில் வைத்தார். வாத்தியார் மூன்று கடை விலையோடு வந்தார். மலிவான செட்டைத்தான் வாங்கினோம். அதில் கரகரப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கும் இருக்கிறதாம்.

நோயாளியான தலைவனுக்கு ஒரு புது அதிகாரம் வந்து சேருகிறது. யாரும் கொடுப்பதில்லை, தானாகவே வரும். அவன் முகத்தைப் பார்த்து எதிராளி வாயை மூடிக்கொள்வான், பாவம் என்பார்கள், அவன் கேட்டது நடக்கும். இதைத் தவறென்று யாரும் சொல்வதில்லை, அன்பு என்றே பெயர். ஐயா இதை முதல் கூட்டத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டார். பிறகு வந்த காலமெல்லாம் அந்த அதிகாரம் எந்தப் பக்கம் தலைகாட்டினாலும் அவர் அதோடு மல்லுக்கட்டியதைத்தான் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தலைமைத்துவப் பயிற்சி முகாம்களில் இப்போது நானும் போய்ப் பேசுகிறேன். திரையில் படம் போட்டு, தலைவனுக்கு வேண்டிய குணங்கள் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். இதை அந்த வரிசையில் எங்கும் பார்த்ததில்லை.

அந்த அதிகாரம் தலைகாட்டிய இன்னொரு இடம் பணம். அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டம் 2009ல்தான் வந்தது. இது அதற்கு முன்பு. ஒவ்வொரு தடவையும் கையிலிருந்து கட்ட வேண்டும். டயசிஸ் உதவி கொஞ்ச தூரம் வந்தது. பெண்கள் ஐக்கியத்தார் கைப்பிடி அரிசியை ஐயா வைத்தியத்துக்கு என்று ஒதுக்கினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்து ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவருகிற அந்தப் பழக்கம் எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஐயா மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை போட்டார். கோயில் கணக்கோடு கலக்கக் கூடாது, தனி நோட்டு, எழுதுவது வாத்தியார், மாதக் கடைசியில் கோயில் முகப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டினார்கள். டயாலிசிஸ் கட்டணம், ஊசி, பஸ் டிக்கெட் இரண்டு ஆள், இட்லி இரண்டு செட், காப்பி ஒன்று. அந்த ஒற்றைக் காப்பி எனக்கு. அவருக்கு அளவு தாண்டிவிடும்.

ஐயாவின் மனைவி ஐயரம்மாவுக்கு அது பெரிய அவமானம். "நாம என்னத்தைத் தின்னோம்னு ஊருக்கு எழுதி ஒட்டணுமா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டார்கள். "ஊரு காசுல தின்னா ஊருக்குத் தெரியணும்லா" என்றார் ஐயா. இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ். பாளையங்கோட்டை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கியதும் முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவை முடிந்து இறங்கியபோது இருந்ததைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அத்தனை லிட்டர் தண்ணீர் உடம்பில் தேங்கியிருக்கிறது என்று கணக்கு. நர்ஸ் எண்ணைச் சொல்லும்போது பள்ளிக்கூடப் பையன் மார்க் கேட்கிற முகத்தோடு நிற்பார். பிறகு நாலு மணி நேரம். இரண்டு ஊசி, இரண்டு குழாய். ஒன்றில் ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்றில் திரும்பி வரும். கடைசி ஒரு மணி நேரம்தான் கஷ்டம். பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ளும். பெரிய உருவம் அவர். வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். நான் காலைப் பிடித்துப் பாதத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். இதைப் பார்க்கிறபோது சுற்றிலும் இருந்த மற்றக் கட்டில்களையும் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு லாரி டிரைவர், ஒரு பீடித் தொழிலாளி அம்மா, மேலப்பாளையத்து பாய் ஒருவர். ஐயா அவர்கள் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை. பாய் எந்த மாத்திரைக்கு அரிப்பு குறைகிறது என்று சொல்வார், இவர் எழுதிக்கொள்வார்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததுவரை நல்லவர்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டார்கள் என்று ஐயா சொல்வார். எங்களுக்கு வந்த சிநேகிதர்களில் பலர் வாசலிலேயே வாயைத் திறந்தவர்கள். அந்த நாட்களில் அவர் தலைமாட்டில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் எழுதியது. 1931ல் களக்காட்டில் விழுந்ததில் எலும்பு முறிந்து, 1951ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அறைக்குள்ளேயே கிடந்தவர் அவர். வந்து குவிந்த ஆறுதல் பிரசுரங்கள் எல்லாம் சுகமாக இருப்பவர்கள் எழுதியவை, அவை தனக்கு எட்டவில்லை என்று, நோயாளி நோயாளிகளுக்கு எழுதுவதாகவே 1933ல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' புத்தகத்தை வெளியிட்டார். ஆறுதல் சொல்ல வந்த சிலருக்கு ஐயா அந்தப் புத்தகத்தை நீட்டி, "முன்னுரையை மட்டும் வாசிச்சிட்டு வாங்க" என்பார். குசும்புதான். அவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை.

சுகமளிக்கும் ஊழியக்காரர் ஒருவர் காரில் வந்தார். கூட நாலைந்து பேர். எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்றார்கள். ஐயா தலையைக் குனிந்து கொடுத்தார், அதில் அவருக்கு மறுப்பே இல்லை. நோயாளி மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசச் சொல்லி யாக்கோபு எழுதியிருக்கிறாரே. ஜெபம் உருக்கமாகத்தான் இருந்தது. முடிந்ததும் அந்த மனிதர், இனி டயாலிசிஸுக்குப் போகாதீர்கள், போனால் அவிசுவாசம் என்றார். ஐயரம்மா கதவோரம் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் ஐயாவைப் பார்த்தேன்.

ஐயா சாவகாசமாகக் கேட்டார்: "எசேக்கியா ராஜா சாகக் கிடந்தப்ப, பதினஞ்சு வருஷம் கூட்டித் தாறேன்னு கர்த்தர் வாக்குக் கொடுத்தாருல்லா? வாக்குக் கொடுத்த பொறவு ஏசாயா என்ன செஞ்சாரு?" வந்தவர் யோசித்தார். "அத்திப்பழ அடை கொண்டாந்து பிளவையில வைக்கச் சொன்னாரு. ஏசாயா அவிசுவாசியா தம்பி? எண்ணெய்க்கு நன்றி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸுக்குப் போவணும்."

அவர்கள் போன பிறகு நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. "அவரு சொன்னபடி நான் நிறுத்தி, நான் செத்தா பரவாயில்ல. என்னையப் பாத்து நம்ம ஊரு சர்க்கரைக்காரங்க எத்தனை பேரு மாத்திரையை நிறுத்துவாங்கன்னு நெனச்சுப் பாரும்" என்றார்.

அதைவிடக் கடினமான காரியம் ஒன்று வந்தது. கிளைச் சபை ஒன்றில் பனையேறுகிறவருடைய மகன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஒரு நாள் இருட்டிய பிறகு குருமனைக்கு வந்தான். ஐயாவுக்கு நான் ஒரு கிட்னி தாறேன், என்றான். அவனுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டியது ஐயா. அப்பாவைக் குடியிலிருந்து மீட்டதும் ஐயா. அழுதுகொண்டேதான் சொன்னான். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுப்பதாக இருந்தால் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். அன்பினால் கொடுக்கிறார், பணத்துக்காக இல்லை என்று குழு நம்ப வேண்டும். இவன் விஷயத்தில் அது பொய்யே அல்ல. கமிட்டியில் சிலருக்கு இது கர்த்தரே காட்டிய வழியாகத் தெரிந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஐயா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோசை சுடச் சொல்லிச் சாப்பிட வைத்தார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேன்.

"அவனுக்கு நான் யாரு? ஐயரு. நான் வேண்டாம்னு சொன்னா அவனுக்கு வருத்தம். அவன் தர முடியாதுன்னு சொல்லணும்னா அவனால சொல்ல முடியுமா? முடியாதுன்னு சொல்ல முடியாதவன்கிட்ட வாங்குனா அதுக்குப் பேரு காணிக்கை இல்ல வே." கொஞ்ச நேரம் கழித்து, "அவன் நாளைக்கு மரமேறணும்" என்றார்.

மேய்ப்பன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுப்பது பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், நானே எத்தனை செய்திருக்கிறேன். ஆடு கொடுக்க முன்வரும்போது மேய்ப்பன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமையும் வெள்ளிக்கிழமைதானே. மெஷினில் வேறு நாள் இடம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவை மொழிகள் ஏழையும் தியானிக்கிற ஆராதனைக்கு வருடத்தில் மற்ற நாள் வராதவர்களும் வருவார்கள், ஏழையும் ஐயா ஒருவரே பேசுவதுதான் வழக்கம். அக்கம்பக்கத்துச் சேகரத்திலிருந்து ஒரு ஐயரை அழைப்பார் என்று நினைத்தோம். அவர் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார், எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். மன்னிப்பைப் பற்றிய முதல் மொழி கணக்கு வாத்தியாருக்கு. கைவிடப்பட்டதைப் பற்றிய நாலாவது, புருஷன் பனையிலிருந்து விழுந்து இறந்துபோன ஒரு அக்காவுக்கு. தாகத்தைப் பற்றிய ஐந்தாவதை அவர் எழுதிக் கொடுத்து யாராவது வாசிப்பார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. தாகத்தைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? அதை ஐயரம்மாவுக்குக் கொடுத்தார். எனக்கு ஒன்றுமில்லை. "நீரு பேசத் தெரிஞ்சவரு. அன்னைக்குப் பாட்டை மட்டும் அறிவிச்சிட்டு உக்காந்து கேளும்" என்றார். அன்று அவரோடு பாளையங்கோட்டை போனது கோயில் பணிவிடைக்காரரான கோயில்குட்டியார்.

ஐயரம்மா அதுவரை கோயிலில் வாய் திறந்து பேசியதில்லை. பீடத்துக்கு ஏற மாட்டேன் என்று கீழேயே நின்றார்கள். தயாரித்து வந்த தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டுச் சொன்னார்கள். காலையில் பாட்டிலில் கோடு போட்டு வைப்பேன், ராத்திரிவரைக்கும் அவருக்கு அவ்வளவுதான். மருந்து முழுங்க, வாய் கொப்பளிக்க, எல்லாம் அதுக்குள்ள. நடுராத்திரி எழுந்து அரை வாய் தண்ணி தான்னு கேப்பாரு. முப்பது வருஷமா அவரு கேட்டு நான் இல்லன்னு சொன்னதில்ல. இப்ப தினமும் சொல்லுதேன். பானையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுல ஒளிச்சு வைக்கேன். தாகம்னு கேக்குறவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? சிலுவையடியில நின்ன அந்த அம்மாவும் கொடுக்க மனசில்லாம நிக்கல, கொடுக்க முடியாம நின்னா. அவளை எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான். ஐந்து நிமிடம் இருக்காது. அம்மாவுக்கு ஒதுக்கிய நேரத்தில் இருபது நிமிடம் மீதி இருந்தது. அடுத்த பாட்டை நான் உடனே அறிவிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் குருமனைக்கு வரும்போது ஐயாவைக் கேட்பது குறைந்தது, அடுக்களைப் பக்கம் போனார்கள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வருடக்கணக்காகக் கழுவித் துடைக்கிறவர்கள், மனநோயுள்ள பிள்ளையை வைத்திருக்கிறவர்கள். அவர்களிடம் பேச ஐயாவால் முடியாத பேச்சு ஒன்று ஐயரம்மாவிடம் இருந்தது. அந்தச் சேகரத்தில் ஐயா செய்த பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், ஞாயிறு பள்ளிக் கூரை இல்லை, அந்த ஐந்தாவது மொழியைக் கைமாற்றிக் கொடுத்ததைத்தான் சொல்வேன். அம்மா பேசியதை நான் அன்று இரவு அவரிடம் சொன்னபோது, "அவ அப்படியா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் திருட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். குடித்தார். கோயில் பின்பக்கக் குழாயடியில் கையேந்தி நின்றவரைக் கோயில்குட்டியாரே பிடித்திருக்கிறார். ஆனால் குடித்துவிட்டு அவராகவே போய் அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார்.

சங்கடமான நாளும் வந்தது. அடைமழைக் காலம். ஆஸ்பத்திரியில் மெஷினுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற சாதனம் பழுது, நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்புவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கமான இராத்திரி ஜெபத்துக்கு நான் வேதாகமத்தை எடுத்தேன்.

"இருபத்தஞ்சு வருஷமா அடுத்தவன் வீட்டுல போயி கர்த்தர் உங்ககூட இருக்காருன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னைக்கு என்கூட இருக்காரான்னு எனக்குத் தெரியல வே. ஜெபம் பண்ண வரல. நீரே பண்ணும். ஆமென்கூட நீரே சொல்லும்." நான் தடுமாறியதைப் பார்த்துவிட்டு, எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது கடைசியில் ஒரு துதிக்கோ நம்பிக்கைக்கோ வந்து சேரும். இது சேராது. இருட்டிலேயே முடிகிறது. வாசித்து முடித்ததும், "அம்புட்டுதான். இதையும் அவருக்குத்தானே பாடியிருக்கான்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியாது.

விடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பில் மூணாம் ஓலை வாசிக்க வேண்டியது யாருக்கு, பதிவேட்டில் பெண்ணின் பெயர் சரியாக இருக்கிறதா என்பது. டாக்சி வந்தது, பாளையங்கோட்டை போனோம். விசுவாசம் என்றால் சந்தேகமே எழாத மனநிலை என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கர்த்தர் இருக்கிறாரா என்று தெரியாத ராத்திரியில் அந்தக் கேள்வியை அவரிடமே போட்டுவிட்டு, விடிந்ததும் அவருடைய வேலையைக் கேட்டு எழுந்த மனிதரைப் பார்த்த பிறகு அந்தப் பாடம் எனக்கு உதவவில்லை.

அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் தன்னைச் சேகரப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி பேராயருக்கு எழுதினார். ஓய்வு வயதுக்கு இன்னும் காலம் இருந்தது. ஊர் திரண்டுவிட்டது. நீங்க பேருக்கு இருங்க ஐயா, வேலையை நாங்க பாத்துக்கிடுதோம், மோசேயின் கையை ஆரோனும் ஊரும் தாங்குன மாதிரி தாங்குதோம் என்றார் ஒரு மூப்பர். "கீழே யுத்தம் பண்ணுனது யோசுவா. நான் மலைமேல உக்காந்திருக்கிற வரைக்கும் டயசிஸ் உங்களுக்கு யோசுவாவ அனுப்பாது" என்றார் ஐயா. இந்தச் சபை எனக்கு முன்னாலயும் இருந்துச்சு, என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதை அவர் தாழ்மைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் சொன்னார்.

பாளையங்கோட்டையில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு. அங்கே இரேனியஸ் ஐயரின் கல்லறைக்கு ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். திருநெல்வேலிக்கு 1820ல் வந்து, இந்தச் சீமையில் ஊர் ஊராகச் சபைகளை உண்டாக்கியவர். சபை ஒழுங்கு பற்றிய கருத்து வேறுபாட்டில் 1835ல் சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கம் அவரை விலக்கியது. ஆற்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் கூப்பிட்டதும் திரும்பி வந்தார். சபைகள் இரண்டு பட்டன. 1838ல் அவர் இறக்கும்வரை அந்தப் பிளவு இருந்தது. "யாரு பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல. பெரிய மனுஷன். அவரு இல்லன்னா நாம இல்ல. ஆனா போனவரைக் கூப்பிடுறது சபைக்கு லேசு, கூப்பிட்டா போகாம இருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். கல்லறையைப் பார்த்துச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா, தெரியவில்லை.

அந்தக் கஷ்டம் சீக்கிரமே வந்தது. புதிய ஐயர் இளைஞர். வந்த வேகத்தில் ஆராதனை நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார், முற்றத்து வேப்ப மரத்தின் பெரிய கிளையை வெட்டினார், கைப்பிடி அரிசிக்குப் பதிலாக உறை கொடுத்தார். ஊர் கொதித்தது. வாத்தியார் தலைமையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். வாசலிலேயே ஐயா சொன்னார்: "உள்ள வாங்க, உக்காருங்க. பேரப்பிள்ளைங்க, மழை, முருங்கைக்காய் விலை, எல்லாம் பேசலாம். சேகரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா நான் எந்திரிச்சுப் போயிருவேன். எந்திரிக்க எனக்குச் சிரமம், பாத்துக்கோங்க." இந்த ஓரிடத்தில் மட்டும் அவர் தன் நோயைப் பயன்படுத்தினார் என்று சொல்ல வேண்டும். வேனில் வந்தவர்கள் முருங்கைக்காய் விலையைப் பேசிவிட்டுத் திரும்பினார்கள்.

அவர் போனது ஒரு தவக்காலத்தில். டயாலிசிஸ் முடிந்து கட்டிலிலிருந்து இறங்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது. அதற்குள் இறையியல் படிக்கப் போயிருந்த நான் அரசரடியிலிருந்து வந்து சேர்ந்தபோது ஐயரம்மா ஒரு தாளைக் கொடுத்தார்கள், அவர் கையெழுத்து. அடக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அந்தச் சுவரில்லாத தோட்டத்தில்தான். ஆராதனை நடத்துவது சேகர குருவானவர். பிரசங்கமும் அவரே. நினைவுரை வேண்டாம். உபதேசியாரும் வாத்தியாரும் பேசக் கூடாது என்று எங்கள் இருவரையும் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்.

புதிய ஐயர் பேசினார். சுமாரான பிரசங்கம்தான். கொஞ்சம் நீளம், இரண்டு இடத்தில் ஐயாவின் வயதைத் தப்பாகச் சொன்னார், மைக் வேறு கரகரத்தது. வாத்தியார் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். மண் போட்டு முடிந்ததும் நேராகப் புதிய ஐயரிடம் போனார். வயசைத் திருத்தப் போகிறார் என்று பயந்துகொண்டு நான் பின்னாலேயே போனேன். "ஐயா, அடுத்த கமிட்டி என்னைக்கு வச்சிருக்கீங்க? கல்லறைச் சுவருக்கு மூணு இடத்துல விலை கேட்டிருக்கேன்" என்றார் வாத்தியார்.